முட்டியை மட்டும் பார்த்தேன்

வலியோட வர்றவங்களை இன்னும் கொஞ்சம் வலிக்க வெச்சு, "நாளன்னிக்கும் வாங்க"ன்னு சொல்லி அனுப்புற தொழில் என்னுது, பிசியோதெரபின்னு பேர்.

படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுறவங்களே, பஸ் சீட்டை விட்டு எழுந்திருக்கும்போது "அம்மாடி"ன்னு முனகுறவங்களே, தியேட்டர்ல இடைவேளைக்கு முன்னாடியே காலை நீட்ட இடம் தேடுறவங்களே, நாமெல்லாம் ஒரே கட்சி. முட்டிக்கு முன்பக்கம், அந்தச் சில்லைச் சுத்தி ஒரு வலி வருமே, அது எனக்கும் வலது முட்டியில இருக்கு. வைத்தியம் பார்க்கிறவனுக்கே வலியான்னு சிரிக்காதீங்க. முடிவெட்டுறவர் தலையிலயும் முடி வளரத்தானே செய்யுது.

சொல்லப் போற கதையில முதல் ரெண்டும் நான் கெட்டிக்காரன்னு காட்டிக்கிறதுக்காக. மூணாவதுல இருந்து, பன்னெண்டு வயசுப் பொண்ணு ஒருத்தியோட கால் என்னால ஆயுசுக்கும் கோணலாப் போக இருந்த கதை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பிலேயே அங்க போறதுக்குத் தைரியம் வரல, அவ்வளவுதான்.

வண்டிக்கு வந்த வியாதி

மண்ணூர்பேட்டையில மோட்டார் வைண்டிங் கடைக்கு மேல, முதல் மாடியில என் கிளினிக். ஏறி வர பதினெட்டுப் படி. பத்தாவது படியில ஒரு வளைவு. முட்டி வைத்தியனைப் பார்க்க இத்தனை படி ஏறணுமான்னு திட்டாத ஆளே கிடையாது. ஆனா எனக்கு அந்தப் படி ஒரு கருவி மாதிரி. சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன். ஏறும்போது சரியா ஏறி, இறங்கும்போது தயங்கித் தயங்கி இறங்கினா முட்டிச் சில்லுக் கோளாறு. ரெண்டிலயும் இழுத்தா மூட்டுத் தேய்மானம். உள்ள உட்கார்ந்தபடியே "வாங்க, இடது முட்டியா?"ன்னு கேட்பேன். வர்றவங்க வாயைப் பிளப்பாங்க. அந்த வாய்பிளப்பு இருக்கே, அது ஒரு போதை.

ஏழுமலை அப்படித்தான் வந்தார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள்ள குட்டியானை, அதான் அந்தச் சின்ன லோடு வண்டி, ஓட்டுறவர். கிளட்ச் மிதிக்கிற இடது முட்டியில வலி. "ஜவ்வு தேஞ்சு போச்சுன்றாங்க சார், ஊசி போடணும்னு சொல்லிகினு கீறாங்க"ன்னு கண் கலங்கிட்டார். அழுத்திப் பார்த்தேன், மடக்கிப் பார்த்தேன், உட்கார வெச்சு எழுப்பிப் பார்த்தேன். ஜவ்வுல பெரிசா ஒண்ணும் இல்லை. சில்லுக்குத்தான் வேலை அதிகம். ஏன் இடது பக்கம் மட்டும்னு கேள்வி வந்துச்சு. விறுவிறுன்னு கீழ இறங்கி, அவர் வண்டியில ஏறி உட்கார்ந்தேன். சீட்டு ஸ்டீயரிங்கை ஒட்டி நிக்குது. சீட்டு நகர்ற தண்டவாளம் துருப்பிடிச்சு, பின்னால தள்ளவே முடியல. ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை அந்தக் காலை முழுசா மடக்கி மடக்கி மிதிச்சிருப்பார்! "முதல்ல சீட்டைப் பின்னால தள்ளுங்க, அப்புறம் நான் சொல்ற பயிற்சி"ன்னேன். ஏழுமலை வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் நீ, முட்டிய காட்ட வந்தா வண்டிய பாக்கற? இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா மெக்கானிக்காண்டயே முட்டிய காட்டிருப்பேனே!"

நாலரை மார்க் வலி

அடுத்தவர் கார்த்திகேயன். திருநெல்வேலிக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, பருத்திப்பட்டு ஏரிக்கரையோரம் ஃபிளாட். ஏரியைச் சுத்தி நடக்கிறவங்களைப் பார்த்து இவருக்கும் ஆசை வந்து, நடக்காம நேரா ஓட ஆரம்பிச்சிட்டார். மூணே வாரத்தில பத்து கிலோமீட்டர். முட்டி சும்மா விடுமா? வலிச்சதும் இவர் பண்ணின முதல் வேலை ஸ்கேன். ரெண்டாவது வேலை, அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை ராத்திரி பகலா இன்டர்நெட்ல தேடினது. என்கிட்ட வரும்போது தனக்கு இனிமே சக்கர நாற்காலிதான்னு முடிவு பண்ணிட்டார். போன்ல ஒரு கணக்கு வேற வெச்சிருந்தார். காலையில வலி பத்துக்கு மூணு மார்க், படி இறங்கினா நாலரை, மீட்டிங்ல ரொம்ப நேரம் உட்கார்ந்தா அஞ்சு.

ஸ்கேன்ல இருந்தது சில்லுக்குப் பின்னால லேசான ஒரு மாற்றம். இந்த வயசுல வலியே இல்லாத ஆளுக்கு எடுத்தாலும் அது இருக்கலாம். வலி வர்றது அதனால இல்லை, சோம்பிக் கிடந்த தொடையை ஒரே மூச்சில பத்து கிலோமீட்டர் ஓட வெச்சதால. இதை அரை மணி நேரம் சொன்னேன். ஓட்டத்தை நிறுத்த வேண்டாம், குறைங்க, தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி செய்யுங்கன்னேன். ரிப்போர்ட் இருந்த ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு யோசிச்சார்.

"சார், ஸ்கேன்ல இருக்கது வலிக்கலைங்கீங்க, வலிக்கது ஸ்கேன்ல இல்லைங்கீங்க. அப்போ நான் யாரைத்தான் நம்ப?"

புதன்கிழமை வந்த பொண்ணு

இப்ப வர்றேன். அது ஒரு புதன்கிழமை, சாயங்காலம் அஞ்சரை இருக்கும். படியில சத்தம். ஒரு காலை வெச்சு, இன்னொரு காலைக் கொஞ்சம் சேர்த்து இழுத்து. "இடது முட்டியா?"ன்னு உள்ள இருந்தே குரல் கொடுத்தேன். "ஆமா சார்! எப்டி சார் கண்டுபுட்ச்சீங்க?"ன்னு சந்தோஷமாக் கேட்டபடி ஒரு அம்மா வந்தாங்க. பேர் சுமதி. எஸ்டேட்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில செக்கிங் வேலை. பின்னால அவங்க பொண்ணு தேவிகா, ஏழாம் கிளாஸ், ஸ்கூல் சுடிதாரோட. கொஞ்சம் பூசின உடம்பு. வீடு திருநின்றவூர், ஸ்கூல் அம்பத்தூர். காலையில ரெண்டு பேரும் ஒரே ரயில்ல வந்து, சாயங்காலம் ஒரே ரயில்ல போறவங்க. ஒரு மாசமா முட்டி வலி. தைலம், ஜெல், முட்டியில மாட்டுற எலாஸ்டிக் பட்டி, எல்லாம் ஆச்சு.

முட்டியைச் சுத்தி அழுத்தினேன். "இங்க வலிக்குதா?" "இல்ல சார்." "இங்க?" "இல்ல சார்." முட்டியில வலின்னு வந்த பொண்ணுக்கு, முட்டியில எங்க அழுத்தினாலும் வலிக்கல! அப்பவே எனக்கு மண்டையில மணி அடிச்சிருக்கணும். அவளாவே இன்னொண்ணும் சொன்னா: "சம்மணம் போட்டு உக்கார முடியல சார். சாக்ஸ் போட காலை மடக்குனா அது தானா வெளிய போவுது." பிசியோ படிக்கிற எவனுக்கும் முதல் வருஷமே சொல்லிக் குடுக்கிற பாடம் ஒண்ணு உண்டு. முட்டி வலின்னு ஒரு புள்ளை வந்தா, இடுப்பைச் சோதிக்காம அனுப்பாதே. இடுப்பு மூட்டுல கோளாறு இருந்தா வலி முட்டியில போய் உட்காரும். ரெண்டுக்கும் ஒரே நரம்பு. எனக்கு அது ஞாபகம் வந்துச்சு. சத்தியமா வந்துச்சு.

ஆனா என்கிட்ட வேலை பார்க்கிற மெர்சி, அவளும் பிசியோதான், தம்பி கல்யாணத்துக்கு நாகர்கோவில் போயிருந்தா. வெளிய அஞ்சு பேர் உட்கார்ந்திருக்காங்க. நடுவுல இருக்கிறது ஒரு பச்சைத் திரை, அதுவும் சுவர் வரைக்கும் எட்டாது. வயசுக்கு வர்ற பருவத்துப் பொண்ணு. ஆம்பளை நான் இடுப்புன்னு ஆரம்பிச்சா அந்த அம்மா என்ன நினைப்பாங்களோன்னு கூச்சப்பட்டேன். மெர்சி வரட்டும்னு தள்ளிப் போட்டேன். இத்தனைக்கும் இடுப்பைத் தொடவே வேண்டாம். கணுக்காலைப் பிடிச்சு, காலை மடக்கி, லேசாத் திருப்பிப் பார்த்தா போதும். அரை நிமிஷ வேலை. குட்டியானையோட சீட்டு வரைக்கும் போய்ப் பார்த்த மகராசன், ஒரு கணுக்காலைப் பிடிக்க யோசிச்சேன். "வளர்ற வயசு, தொடையில பலம் பத்தல. கொஞ்சம் எடையும் குறையணும்"னு சொல்லிட்டேன். "அதேதான் சார் அவங்க பீ.டி. மிஸ்ஸும் சொல்லுது. குண்டா கீறதால ஓட சோம்பேறித்தனம், நடிக்குதுன்னு"ன்னாங்க சுமதி. கட்டில்ல உட்கார்ந்திருந்த பொண்ணு தலையை நிமிர்த்தாம பேசினா.

"நான் நடிக்கல சார்."

கார்டில் ஒரு வரி

என்ன பயிற்சி குடுத்தேன்னு கேளுங்க. சுவர்ல முதுகைச் சாய்ச்சுப் பாதி உட்கார்ந்து எழுந்திருக்கிறது, இருபது தடவை. ஒரு படி ஏறி இறங்குறது, இருபது தடவை. முட்டிச் சில்லுக் கோளாறுக்கு அதெல்லாம் அருமையான பயிற்சிதான். வெள்ளிக்கிழமை வந்தா. திங்கக்கிழமை வந்தா. ஒவ்வொரு தடவையும் என்னோட பதினெட்டுப் படி, போக ஸ்டேஷன்ல ஏறி இறங்குற படி.

திங்கக்கிழமை அவளுக்கு வலி கூடித்தான் இருந்துச்சு. சுவர்ல சாய்ஞ்சு மூணு தடவை உட்கார்ந்ததும் நாலாவதுக்கு முகம் கோணிடுச்சு. எனக்குக் கோபம் வந்துச்சு. வைத்தியம் பலிக்கலைன்னா வைத்தியனுக்கு முதல்ல வர்றது சந்தேகம் இல்லை, கோபம். அதுவும் வந்தவங்க மேல. "வீட்ல செய்யறியா, இல்லையா?"ன்னு அதட்டினேன். எங்க கிளினிக்ல ஆளுக்கு ஒரு மஞ்சள் கார்டு உண்டு. ஒவ்வொரு தடவையும் என்ன பார்த்தோம்னு எழுதி அவங்ககிட்டயே குடுத்துடுவோம். அதுல எழுதினேன்: 'வீட்டில் பயிற்சி செய்வதில்லை. ஒத்துழைப்புக் குறைவு.' மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்னபடி, தலைகீழா இருந்த எழுத்தை ஒவ்வொண்ணா வாசிச்சா அவ. கார்டை வாங்கிப் பையில வெச்சுக்கிட்டா.

"செஞ்சேன் சார். இருபது வரைக்கும் எண்ணி எண்ணிச் செஞ்சேன். எங்கம்மா ஒரு தடவ தூங்கிட்டாங்க, அப்பவும் செஞ்சேன்."

மெர்சி கேட்ட கேள்வி

வியாழக்கிழமை மெர்சி திரும்பி வந்தா. நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டை மேஜையில வெச்சுட்டு, கல்யாணத்துல யார் யார் சண்டை போட்டாங்கன்னு கதை சொல்லிக்கிட்டிருந்தா. கார்த்திகேயன் ரப்பர் பட்டையைக் காலில் மாட்டிக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல நடந்துக்கிட்டிருந்தார். ஏழுமலை பெஞ்சில. அப்போ படியில சத்தம். ஒரு கால். ரொம்ப நேரம் ஒண்ணும் இல்லை. அப்புறம் சரக்குனு ஒரு இழுப்பு. இந்த முறை நான் குரல் கொடுக்கல. அந்தச் சத்தம் என் கணக்குல எதுலயும் சேரல.

தேவிகா அம்மாவோட வந்து கட்டில்ல மல்லாந்து படுத்தா. மெர்சி சிப்ஸ் பாக்கெட்டோட கால்மாட்டுல வந்து நின்னவ, அப்படியே நின்னுட்டா. அவ பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். வலது பாதம் கூரையைப் பார்த்து நேரா இருக்கு. இடது பாதம் வெளிப்பக்கமாச் சாஞ்சு கிடக்கு. இதுக்கு முன்னாடி மூணு தடவை இதே கட்டிலுக்கு வந்திருக்கா. நான் முட்டியைத்தான் பார்த்திருக்கேன், பாதத்தைப் பார்க்கல. "சார், இடுப்பு பார்த்தாச்சா?"ன்னு மெர்சி மெதுவாக் கேட்டா. திரையை இழுத்துவிட்டு அவளே கணுக்காலைப் பிடிச்சு, முட்டியைப் பூப்போல மடக்கி வயித்துப் பக்கம் கொண்டு போனா. நேரா வரவேண்டிய கால், தானா வெளிப்பக்கம் ஓடுது. துளி உள்பக்கம் திருப்பினதும் அந்தப் பொண்ணு மெர்சியோட கையைப் பிடிச்சுக்கிட்டா. கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

தொடை எலும்போட உச்சியில பந்து மாதிரி ஒரு தலை இருக்கு. வளர்ற வயசுல அந்தப் பந்தும் எலும்பும் சேர்ற இடம் இன்னும் கெட்டியாகி இருக்காது. சில புள்ளைங்களுக்கு, அதுவும் கொஞ்சம் கனமான புள்ளைங்களுக்கு, அந்த இடம் நழுவ ஆரம்பிக்கும். சும்மாட்டு மேல இருந்து குடம் சரியற மாதிரி. கொஞ்சமா நழுவினப்பவே பிடிச்சு நிறுத்திட்டா பொழைச்சுது. ஒரு தப்பான அடி வெச்சு முழுசாச் சரிஞ்சா, பந்துக்கு ரத்தம் போறது நின்னு போகலாம். அப்புறம் ஆயுசுக்கும் நொண்டல்தான். இந்தக் காலை வெச்சுக்கிட்டுத்தான் அவளை எட்டு நாளாப் படி ஏறி இறங்கச் சொல்லியிருக்கேன் நான்! மெர்சி திரைக்கு இந்தப் பக்கம் வந்து, யாருக்கும் கேட்காத குரல்ல சொன்னா.

"சார், படம் எடுத்துப் பார்க்கிற வரைக்கும் இவ இனிமே ஒரு அடி கூட ஊனக் கூடாது. ஒரு படி கூட."

நாற்காலி

ஒரு படி கூட ஊனக் கூடாது. இருக்கிறது பதினெட்டு. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். சீக்கிரமாவே வந்துச்சு. ஆனா ஸ்ட்ரெச்சர் பத்தாவது படி வளைவுல திரும்பவே இல்லை. ரெண்டு தடவை சாய்ச்சுப் பார்த்தோம், ம்ஹூம். சுமதி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "முட்டி வலிதான சார்? முட்டி வலிக்கு இன்னாத்துக்கு சார் ஆம்புலன்ஸு?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. "கீழ போனதும் சொல்றேன்மா"ன்னேன். வேற என்னத்தைச் சொல்ல.

கடைசியில கை வெச்ச இரும்பு நாற்காலி ஒண்ணு ஆப்பிட்டுச்சு. பொண்ணைத் தூக்கி உட்கார வெச்சு, கால் எப்படிச் சாஞ்சிருந்துச்சோ அப்படியே தலையணை குடுத்து, பேண்டேஜ் துணியால மெர்சி கட்டினா. தூக்க ஆள் யாரு? ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருத்தர். மத்தபடி அந்த மாடியில இருந்தவங்க பூரா முட்டி வலிக்காரங்க! ஏழுமலை லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, "நா கீழ்ப்பக்கம் புடிக்கறேன்"னு முன்னால போயிட்டார். கார்த்திகேயன் காலில் மாட்டியிருந்த ரப்பர் பட்டையைக் கழட்டி எறிஞ்சுட்டு என் பக்கத்துல வந்து நின்னார். கீழ்ப்பக்கம் ஏழுமலையும் டிரைவரும், மேல்பக்கம் நாங்க ரெண்டு பேரும். மெர்சி முன்னால இறங்கிக்கிட்டே படியை எண்ணினா. ஒண்ணு. ரெண்டு. தேவிகா கண்ணை இறுக்கி மூடியிருந்தா. நாற்காலியோட கையை அவ பிடிச்ச பிடியில விரல் நுனி வெளுத்துக் கிடந்துச்சு.

பத்தாவது படி. திருப்பணும். நாற்காலி சுவத்துல இடிச்சு ஒரு பக்கம் சாஞ்சுது. பாரம் பூரா ஏழுமலை இடது காலுக்குப் போயிடுச்சு. அவர் முட்டியில இருந்து 'மளுக்'குன்னு ஒரு சத்தம், மேல இருந்த எனக்கே கேட்டுச்சு. போச்சு, விட்டுடப் போறார்னு நினைச்சேன். "அண்ணாத்தே, வுடாத, நல்லா புடி!"ன்னு அவர்தான் எங்களை அதட்டினார். முகமெல்லாம் வேர்வை. பல்லைக் கடிச்சுக்கிட்டு நாற்காலியை நிமிர்த்தினார். கீழ வைண்டிங் கடைக்காரர் மோட்டாரை நிறுத்திட்டு ஓடி வந்து ஒரு கை குடுத்தார். பதினெட்டுன்னு மெர்சி சொன்னப்போ என் வலது முட்டி தந்தி அடிச்சுக்கிட்டிருந்துச்சு. தேவிகாவை ஸ்ட்ரெச்சர்ல படுக்க வெச்சு வண்டிக்குள்ள ஏத்தினோம். ஏழுமலை பிளாட்பாரத்துல உட்கார்ந்து முட்டியைத் தேய்ச்சுக்கிட்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வெயிட் தூக்கிகினு படி எறங்காதன்னு நீதான சார் சொன்ன? இன்னிக்கு எறங்குனத மட்டும் கார்டுல எழுதிடாத!"

இரும்பு பெஞ்ச்

ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே ரூமுக்கு உள்ள அவ, வெளிய இரும்பு பெஞ்சில நானும் சுமதியும். கீழ போனதும் சொல்றேன்னு சொன்னேனே, சொல்லியாகணும். "முட்டியில ஒண்ணும் இல்லைம்மா. இடுப்பு மூட்டுல எலும்பு நழுவியிருக்கும்னு பயப்படுறேன். முதல் நாளே நான் பார்த்திருக்கணும், பார்க்கல. நான் குடுத்த பயிற்சி அதை இன்னும் கெடுத்திருக்கலாம்"னு சொன்னேன். "ஏன் சார் பாக்கல?"ன்னு கேட்டாங்க. காரணம் எதுவும் ஜோடிக்கத் தோணல. "பொம்பளைப் புள்ளை, இடுப்பைச் சோதிக்கணும்னு சொன்னா நீங்க தப்பா நினைப்பீங்களோன்னு கூச்சப்பட்டேன்மா"ன்னேன். சொல்லும்போதே அவமானம் பிடுங்கித் தின்னுச்சு. அடிச்சாக் கூட வாங்கிக்கலாம்னு இருந்தேன்.

அவங்க எதிர் சுவரையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. டாக்டர் படத்தோட வெளிய வந்தார். நழுவியிருக்கு. ஆனா முழுசாச் சரியல, நல்லவேளை, இன்னிக்காவது கொண்டு வந்தீங்க. இப்பவே படுக்க வெச்சிடலாம், காலையில ஒரு ஸ்குரூ போட்டு அங்கேயே நிறுத்திடலாம். பந்துக்கு ரத்தம் ஒழுங்காப் போகுதான்னு இப்போ சொல்ல முடியாது, மாசக் கணக்கா படம் எடுத்துப் பார்த்துக்கிட்டேதான் இருக்கணும்னு சொல்லிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துட்டுப் போனார். அதுக்கப்புறம்தான் சுமதிக்கு அழுகை வெடிச்சுது. என்னைத் திட்டப் போறாங்கன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

"வண்டி போயிடும், நடிக்காம வாடின்னு ஸ்டேசன் படில தெனிக்கும் கையப் புட்ச்சி இழுத்துகினு ஓடுனேன் சார். எத்தினி அடி அடிச்சேன் தெரியுமா அந்தப் புள்ளைய?"

அந்த வரி

மறுநாள் ஸ்குரூ போட்டாங்க. ஆறு வாரம் அக்குள்ல ஊன்றுகோல். அந்த மாசங்கள்ல நான் யாரையும் படிச் சத்தத்தை வெச்சு எடை போடல. சொல்ல வாய் வரல. ஒவ்வொரு தடவை அவளுக்குப் படம் எடுக்கிற நாளும், மெர்சி போன் பண்ணிக் கேட்டுச் சொல்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. ரெண்டாவது படத்துல சந்தேகமா ஏதோ இருக்குன்னாங்க. மூணாவது படம் வர்ற வரைக்கும் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூணாவதுல, பந்து உயிரோட இருக்கு, ரத்தம் போகுதுன்னு சொன்னாங்க. மெர்சி போனை வெச்சுட்டு சிரிச்சா. நான் திரைக்குப் பின்னால போய் முகத்தைத் துடைச்சுக்கிட்டேன். திரை இப்போ புதுசு, சுவர்லருந்து சுவர் வரைக்கும்.

பயிற்சிக்கு அவ வீட்டுக்கே மெர்சி போய்க்கிட்டிருந்தா. படி ஏறலாம்னு டாக்டர் சொன்ன பிறகு ஒரு சாயங்காலம் கீழ இருந்து சத்தம் கேட்டுச்சு. கையில இருந்த வேலையை விட்டுட்டுக் காதைத் தீட்டிக்கிட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. ரெண்டு காலும் ஒரே சத்தம். பத்தாவதுல ஒரு நிமிஷம் நின்னுச்சு. திரும்பவும் பதினொண்ணு, பன்னெண்டு. பதினெட்டாவது படியில தேவிகா நின்னா, பின்னால சுமதி. பாதத்தைப் பார்த்தேன். ரெண்டும் நேரா என்னைப் பார்த்து இருந்துச்சு.

"வலி இருக்காம்மா?"ன்னு கேட்டேன். அவ ஸ்கூல் பையைத் திறந்து, ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து, அதுக்குள்ள நாலா மடிச்சு வெச்சிருந்த மஞ்சள் கார்டை எடுத்தா. மடிப்பெல்லாம் நைஞ்சு போயிருந்துச்சு. ஆபரேஷன், ஊன்றுகோல், மூணு படம், எல்லாத்துக்கும் நடுவுல இதைப் பத்திரமா வெச்சிருந்திருக்கா. மேஜையில வெச்சு, இந்தத் தடவை நான் நேரா வாசிக்கிற மாதிரி என் பக்கம் திருப்பி, திங்கக்கிழமை நான் எழுதின அந்த வரிக்கு மேல விரலை வெச்சா.

"இத அடிச்சிடுங்க சார். பக்கத்துல 'நடிக்கல'ன்னு எழுதி கையெழுத்து போடுங்க, மிஸ்கிட்ட காட்டணும்."

அடிச்சேன், எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். இப்பெல்லாம் முட்டி வலின்னு யார் வந்தாலும் பாதம், இடுப்பு எல்லாம் பார்த்துட்டு முட்டிக்குக் கடைசியாத்தான் வர்றேன், இந்தாளுக்கு முட்டி எங்க இருக்குன்னே தெரியலன்னு மண்ணூர்பேட்டையில பேச்சு அடிபடுது, அடிபடட்டும்.